உதவி அறையின் ஐந்தாவது ஒழுங்கு

28 யூன் 2005, செவ்வாய்

சோளகக் காற்று, பேய்க்காற்று. ஜன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் விசைப்பலகை எல்லாம் மணல். காலையில் கணினி நிலையத்தின் மூன்று கணினிகளையும் பழைய பல்தூரிகையால் துடைத்தேன். இரண்டாவதில் 'ள' இன்னும் இறுகுகிறது. வகுப்புக்கு நாலு பேர். பத்து மணிக்குப் போன கரண்ட் பதினொன்றரைக்கு வந்தது.

செய்ய வேண்டியவை:
அச்சு இயந்திரத்துக்கு மை (யாழ்ப்பாணம் போகிற யாரிடமாவது சொல்ல)
அம்மாவின் கண்ணாடி
அறை ஒழுங்குகள். இன்றைக்கே!

ஆறு மாதமாக இந்த இணைய அரட்டை உதவி அறையில் சம்பளமில்லாத உத்தியோகம். எழுத்துப் பெட்டி பெட்டியாக வருகிறது, தமிழ் அடிக்க முடியவில்லை என்று உலகம் முழுக்க இருந்து வந்து கேட்பார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் பதில் எழுதுவோம். அங்கே என் பெயர் தீவான், தீவுப் பக்கத்து ஆள் என்று. எல்லோரும் ஆண் என்றே நினைத்து அண்ணை, தம்பி என்கிறார்கள். சொந்தப் பெயரில் போன முதல் கிழமை பட்டது போதும். அறையை நடத்தும் வழிப்போக்கன் (நோர்வேயில் இருக்கும் தமிழர், இனி வ.போ.) ஒழுங்குகள் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார். பெருமையாகத்தான் இருந்தது. எழுதியது:

கேட்பவர்களுக்கு
1. "ஒரு கேள்வி கேட்கலாமா" என்று கேட்காதீர்கள். கேள்வியைக் கேளுங்கள். சுகம் விசாரிக்க இது கலியாண வீடு அல்ல.
2. ஒரே கேள்வியை மூன்று தரம் போடாதீர்கள்.
3. "வேலை செய்யவில்லை" போதாது. என்ன செய்தீர்கள், திரையில் என்ன வந்தது, அதைச் சொல்லுங்கள்.
4. உதவுபவருக்குத் தனியே எழுதித் தொல்லை தராதீர்கள்.
5. பதில் கிடைத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள். தீர்ந்ததா இல்லையா, ஒரு வார்த்தை.

உதவுபவர்களுக்கு
6. தெரியாததைத் தெரிந்தமாதிரிச் சொல்லாதீர்கள்.
7. பிறகு யோசிக்க.

மதியம் ஒட்டினேன். வ.போ.: "தீவான், பிரமாதம்! முதலாவதைப் பொன்னெழுத்தில் போட வேண்டும்."

பி.ப. மூன்று மணிக்கு அந்த முதலாவதுக்கே ஆள் வந்தது. பெயர் சோதி. ஒரு வரிக்கு மூன்று நிமிடம்.

சோதி: வணக்கம்.
சோதி: எல்லாரும் சுகமா இருக்கிறியளோ.
சோதி: தீவான் தம்பி நிக்கிறாரோ.
நான்: கேள்வியைக் கேளுங்கள்.
சோதி: ஓம் ஓம். ஒழுங்குகள் வாசிச்சனான். நல்ல வடிவா எழுதியிருக்கினம்.
சோதி: தம்பி தீவில எவ்விடம்.
நான்: முதலாம் ஒழுங்கு!
சோதி: கோவிக்கவேண்டாம். உங்களுக்கு இப்ப நேரம் இருக்குதோ.

படலையில் நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டு, உள்ளே வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து முடித்த பிறகும் வந்த அலுவலைச் சொல்லாத சாதி. பொறுமை போய்விட்டது. "ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். எல்லாம் சரிவரும்" என்று அடித்தேன். கணினிக்காரர்களின் பழைய பகிடி. அழுத்தினால் திறந்திருக்கிற பக்கம் மூடுப்படும், ஆள் வெளியே.

ஒரு நிமிடத்தில்: சோதி வெளியேறினார்.

அறை முழுக்கச் சிரிப்பு. வ.போ. அதற்கு 'தீவான் வைத்தியம்' என்று பெயரே வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் சிரித்தேன். அம்மா, "என்னடி தனியச் சிரிக்கிறாய்?" சொன்னேன். விளங்கியதோ இல்லையோ, "உன்ர வாய்க்கு ஒருநாள் வாங்கிக்கட்டுவாய்" என்றா.

29 யூன், புதன்

காற்று குறையவில்லை. கடலைக் கடக்கிற காரைநகர்ப் பாதைப் படகு ஓடவில்லையாம், அந்தப் பக்கப் பிள்ளைகள் வரவில்லை. அரை நாள் சும்மா.

அறையில் தீவான் வைத்தியம் இரண்டு பேருக்குக் கொடுக்கப்பட்டது. நான் கொடுக்கவில்லை. ஆனால் சிரித்த முகம் போட்டேன்.

மை கிடைக்கவில்லை. கண்ணாடியும் மறந்து போனது.

30 யூன், வியாழன்

நேற்றும் முந்தாநாளும் எழுதியதை வாசிக்கக் கூசுகிறது. கிழிக்கப் பார்த்தேன். கிழிக்கவில்லை, இருக்கட்டும்.

காலை ஒன்பதரை. வாசலில், "வீட்டுக்காரர்!" நிலையத்துக்கு வந்து யாரும் இப்படிக் கூப்பிடுவதில்லை. வெளியே அறுபது வயதளவில் ஒருவர். இடுப்பில் வெள்ளைச் சாரம், முழுக்கைச் சட்டை, நாலைந்து நாள் தாடி. வலக்கை மடங்கி வயிற்றோடு கிடந்தது. வரச் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றினார். கதிரையைக் காட்டிய பிறகுதான் இருந்தார். சுகம் கேட்டார். அப்பாவின் பெயர் கேட்டார். காற்றைப் பற்றிச் சொன்னார். நான் உள்ளுக்குள் புறுபுறுத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினேன்.

"நான் புளியங்கூடல், பிள்ளை. சோதிலிங்கம். கூட்டுறவுச் சங்கக்கடையில மனேச்சரா இருந்தனான்."

அப்போதும் எனக்கு மண்டையில் ஓடவில்லை. எத்தனையோ சோதிகள்.

மனைவி இம்மாதம் காலமாகிவிட்டா. முப்பத்தோராம் நாள் வருகிறது, கல்வெட்டு அடிக்க வேண்டும். அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அந்த நினைவுப் புத்தகத்தில் மனைவியைப் பற்றி இரண்டு பக்கம் தானே எழுத ஆசை. பாரிசவாதத்துக்குப் பிறகு வலக்கையால் பேனா பிடிக்க முடியாது. சங்கக் கடிதங்கள் தட்டச்சில் அடித்த பழக்கம் இருந்ததால் வேலணையில் ஒரு நிலையத்துக்குப் போய், செவ்வாய்க்கிழமை காலை இருந்து இடக்கை இரண்டு விரலால் அடித்தாராம்.

செவ்வாய்க்கிழமை.

"எழுத எழுத வந்துகொண்டே இருந்தது பிள்ளை. மத்தியானம் சாப்பிடவும் எழும்பேல்லை. மூண்டு மணிக்கு முடிச்சாப்பிறகுதான் யோசினை. இதை அழியாமல் வைக்கிறது எப்பிடி? அங்க நிண்ட பெடியன் சாப்பிடப் போட்டான். போகேக்க, கேள்வி ஏதும் எண்டால் இதில கேளுங்கோ, தமிழாக்கள் சொல்லுவினம் எண்டு அந்த அறையைத் திறந்து விட்டவன். ஒருத்தற்ற பேர் தீவான். எங்கட பக்கத்துப் பிள்ளைதானே எண்டு அவரைக் கேட்டன்."

என் கையில் தேத்தண்ணிக் கோப்பை. அதை வைக்க இடம் தேடினேன்.

"கேட்டவுடன பதில் போட்டார். ரெண்டு கட்டையைச் சேத்து அழுத்தச் சொன்னார். அழுத்த அந்த அறை மூடுப்பட்டுப் போட்டுது. சரி, நான் எழுதினதுக்கும் செய்யவேணும்போல எண்டு திரும்ப அழுத்தினன். ஒரு பெட்டி வந்து இங்கிலீசில என்னவோ கேட்டுது. யெஸ், நோ எண்டு கிடந்தது. நோவை அழுத்தினன்."

"ஏன் ஐயா நோ?" என்றேன்.

"ஆமி மறிக்கிற சென்றியில எத்தினை வருசம் நிண்டனாங்கள் பிள்ளை. விளங்காத பாசையில ஆரும் ஏதும் கேட்டால் நோ எண்டு சொல்லுங்கோ, யெஸ் எண்டு சொல்லி மாட்டுப்படாதையுங்கோ எண்டு மனுசிதான் எனக்குச் சொல்லித் தந்தவ. கை தானா அதுக்குப் போட்டுது."

நான் சொன்னது (எழுதத்தான் வேண்டும்): "அவன் ஆரோ விசரன் ஐயா. உங்களைப் பேக்காட்டி ஏமாத்தியிருக்கிறான்."

அவர் முகம் மாறியது. "அப்பிடிச் சொல்லாதையும். அந்தத் தம்பி சரியாத்தான் சொல்லியிருப்பார், நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன். அவருக்கு எத்தினை பேற்ற அலுவல்."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசி. இடக்கையால், முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப் போல, கோணல் மாணலாக என் ஒழுங்குகள். ஐந்தும். ஐந்தாவதன் கீழ் கோடு.

"இதைத்தான் மீறிப்போட்டன். உதவி வாங்கிப்போட்டு, ஒரு நன்றியும் சொல்லாமல் எழும்பி வந்தமாதிரிப் போச்சு. வேலணையில இப்ப இணைப்பு இல்லையாம். இஞ்ச அவரைப் பிடிச்சுத் தருவீரோ? முதல் அதைச் சொல்லவேணும். பேந்துதான் மற்ற வேலை."

தீவான் இப்போது அறையில் இல்லை என்றேன். அது மட்டும் உண்மை.

போகும்போது படலை வரை போய், திரும்பி நின்று, "அப்ப பிள்ளை, போட்டு வாறன்" என்று விடைபெற்றார்.

1 யூலை, வெள்ளி

நித்திரை சரியில்லை. இரவு முழுக்க ஒரே வாதம்: அவர் கேள்வியே கேட்கவில்லை, கேட்காதவருக்குத்தானே நான் பகிடி விட்டேன். காலை நிலையம் திறந்ததும் அறையின் பழைய பதிவை எடுத்துப் பார்த்தேன்.

3.21.40 சோதி: இதை அழியாமல் வைக்கிறது எப்பிடி தம்பி.
3.21.44 தீவான்: ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். எல்லாம் சரிவரும்.

நாலு செக்கன். நான் குனிந்து கட்டைகளைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தபோது அந்த வரி வந்திருக்கிறது. நிமிர்ந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், மேலே பார்க்கவில்லை. முதலாம் ஒழுங்கின்படியே கேட்டிருக்கிறார். மூன்றாம் ஒழுங்கின்படி ஒரே வரியில், தெளிவாக.

வகுப்பை நிறுத்தி வேலணைக்கு பஸ். அந்த நிலையத்துப் பெடியனிடம் நான் படிப்பிக்கும் பிள்ளை ஒன்றின் பாடம் தொலைந்தது என்று பொய் சொல்லி, ஐயா இருந்த கணினியை மூலை முடுக்கெல்லாம் தேடினேன். தற்காலிகக் கோப்புகள், குப்பைத் தொட்டி, எல்லாம். ஒரு எழுத்தும் இல்லை. சேமிக்கவா என்ற கேள்விக்கு 'நோ' என்றால் அது உண்மையாகவே நோ.

பெடியன் சொன்னான்: "அண்டைக்கு ஒரு ஐயா இதில இருந்து அழுதுகொண்டு அடிச்சவர் அக்கா. நான் பயந்து போனன்."

திரும்பி வரும் பஸ்ஸில் புளியங்கூடலில் தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அம்மாவின் கண்ணாடி வாங்கவில்லை.

2 யூலை, சனி

ஐயா வந்தார். அவர் சொல்ல நான் அடிப்பது என்று ஒழுங்கு. அச்சகத்துக்குச் செவ்வாய்க்கிழமை கொடுத்தே ஆக வேண்டும்.

அவருக்கு வசனம் வரவில்லை. பிறந்த ஊர், புகுந்த ஊர், பிள்ளைகள் எங்கெங்கே, எல்லாம் வந்தது. பிறகு "அன்னார் விருந்தோம்பலிற் சிறந்து" என்று தொடங்கி நிறுத்தினார். "இது எல்லாக் கல்வெட்டிலயும் கிடக்கிறது. நான் அண்டைக்கு எழுதினது வேற."

காற்றில் கூரைத் தகரம் அடித்தது.

"சண்டைக்கு இடம்பெயர்ந்து போய், தொண்ணூத்தாறில திரும்பி வந்தம். வீட்டில கதவில்லை, நிலையில்லை, படலையும் இல்லை. முத்தத்தில ஆளுயரத்துக்குப் பத்தை. நான் விறுவிறெண்டு உள்ள போகப் பாக்கிறன், இவ என்ர கையைப் பிடிச்சு நிப்பாட்டிப்போட்டா. படலை நிண்ட இடத்தில நிண்டுகொண்டு, 'வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!' எண்டு கூப்பிடுறா. எங்கட சொந்த வீட்டைப் பாத்து. ஏனப்பா எண்டன். ஆறு வருசம் ஆர் இருந்தினமோ, என்ன இருந்துதோ, சொல்லாமல் உள்ளடக் கூடாது எண்டா. ஒருத்தரும் குரல் குடுக்கேல்லை. பேந்து தானே, 'ஓம், வாருங்கோ' எண்டு சொல்லிப்போட்டுத்தான் காலெடுத்து வச்சவ."

அடித்தேன். வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

"விசயம் அதுதான். ஆனால் வசனம் இப்பிடியில்லை. அது வந்தமாதிரி இனி வராது பிள்ளை. அது அவ சொல்லச் சொல்ல நான் அடிச்சமாதிரி இருந்தது."

நான் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனேன். பின்பக்கம் கிணற்றடியில் நின்று முகம் கழுவினேன். சொல்லிவிடு, இப்போதே சொல் என்று மனம் அடித்தது. உள்ளே வந்து நான் கேட்டது: "அடுத்த பந்திக்குப் போவமோ ஐயா?"

"அந்தத் தம்பி வந்திட்டாரோ?"

"இல்லை ஐயா."

"வேலை கூடின ஆள்போல" என்றார். "பரவாயில்லை. திங்கள் பாப்பம். அப்ப போட்டு வாறன்."

3 யூலை, ஞாயிறு

நிலையம் பூட்டு. ஆனாலும் போய்த் திறந்தேன். மீன்காரரைக் கண்டு அம்மாவுக்கு ஒட்டி மீன் வாங்கினேன். வெள்ளியோ சனியோ என்று கூடப் பார்க்காமல் சமைப்பாய் என்று அம்மா ஏசுவா. இன்று ஞாயிறு, பிழையில்லை.

அறையில் தீவான் வைத்தியம் அமோகமாக ஓடுகிறது. யாரோ ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, புதிது, அவவுக்கும் கொடுத்திருக்கிறார்கள். "இதை நிற்பாட்டுங்கள். சேமிக்காமல் வைத்திருந்தால் எல்லாம் அழிந்துபோம்" என்று எழுதினேன். வ.போ. பதில்: "தொடக்கியவரே நீங்கள்தானே தீவான்! என்ன, திடீரென்று சாமியாராகிவிட்டீர்?" பத்துச் சிரித்த முகங்கள்.

ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியாது. கேட்கவில்லை.

ஏழாம் ஒழுங்கு இன்னும் வெறுமை. எழுதிப் பார்த்தவை:
தெரியாதவரோடு பகிடி விடாதீர்கள். (பகிடி விட்டவள் எழுதும் ஒழுங்கு!)
பதில் அனுப்புமுன் ஒருமுறை நிமிர்ந்து திரையைப் பாருங்கள்.
சுகம் விசாரிக்கிறவருக்குச் சுகம் என்று சொல்ல எத்தனை செக்கன்?

மூன்றையும் அழித்தேன். எனக்கு அந்தத் தகுதியில்லை. முதலாவதில் 'கலியாண வீடு' வசனத்தை மட்டும் எடுத்துவிட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

மத்தியானம் அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். திட்டுவா என்று பார்த்தேன். கறியைக் கிண்டிக்கொண்டே, "அந்த மனுசனுக்குத் தெரியுமோ?" என்றா. இல்லை என்றேன். "அப்ப எனக்கேன் சொல்லுறாய்?"

4 யூலை, திங்கள்

கல்வெட்டு ஒருவாறு முடிந்தது. ஒன்றரைப் பக்கம். வீட்டுக்காரர் கதை இருக்கிறது, மற்றதெல்லாம் எல்லாக் கல்வெட்டிலும் உள்ளதுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் சேமித்தேன். பிளொப்பியில் ஒன்று, கணினியில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. அவர் ஒவ்வொரு தரமும், "இப்ப வச்சாச்சோ?" என்று கேட்டார். எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். இடக்கையால் தானே செய்து பார்த்தார். "இவ்வளவுதானோ!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பெரிய தண்டனை.

பிறகு கடதாசியை எடுத்தார். "தம்பி இல்லாட்டிலும் பரவாயில்லை. எழுதி விடுவம். வந்து பாக்கட்டும்."

அவர் பெயரில் அறைக்குள் போனேன். அவர் சொன்னார், நான் அடித்தேன்:

"தீவான் தம்பிக்கு வணக்கம். செவ்வாய்க்கிழமை நீங்கள் எனக்கு உதவி செய்தீர்கள். நன்றி சொல்லாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும். வேண்டுமென்று செய்யவில்லை. பக்கம் தானாக மூடுப்பட்டுவிட்டது."

என்னிடம் அவர் கேட்கும் மன்னிப்பை நானே அடித்தேன். அனுப்பும் கட்டையில் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன்.

"அனுப்பும் பிள்ளை."

"ஐயா, இது நாளைக்கு அனுப்புவம்."

"ஏன்?"

"நாளைக்கு அவர் வருவார்."

"நிச்சயமாவோ?"

"ஓம். வருவார்."

எழுதியதை அழித்தேன். ஐயா சந்தோசமாகப் போனார். படலையில் திரும்பி நின்று, "போட்டு வாறன். தம்பியை மறிச்சு வையும்!"

5 யூலை, செவ்வாய்

காற்று விழுந்துவிட்டது. விசைப்பலகையில் மணல் இல்லை.

காலை எட்டரைக்கே வந்தார். தாடி எடுத்திருந்தார், திருநீறு, துவைத்த சட்டை. அச்சகத்துக்குப் போக ஒன்பதரை பஸ். அச்சடித்த தாள்களையும் பிளொப்பியையும் ஒரு உறைக்குள் போட்டுக் கொடுத்தேன். நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"தம்பி வந்திட்டாரோ?"

வாயால் சொல்லத்தான் நினைத்திருந்தேன். இரவு முழுக்கப் பாடமாக்கிய வசனம் ஒன்றும் வரவில்லை. பக்கத்துக் கணினியில் சோதி என்று அறையைத் திறந்து அவரை இருத்தினேன். என் கணினியை அவர் பக்கம் திருப்பினேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கப் பெயரை அடித்தேன். தீவான். கடவுச்சொல். உள்ளே போனேன்.

அவருடைய திரையில்: தீவான் வந்துள்ளார்.

சந்தோசமாக நிமிர்ந்தார். என் திரையைப் பார்த்தார். தன்னுடையதைப் பார்த்தார். பிறகு என்னை.

முதலாம் ஒழுங்கு: நேரே விசயத்தைச் சொல். என் விரல் அடித்தது இது:

தீவான்: வணக்கம் ஐயா.
தீவான்: சுகமா இருக்கிறீங்களோ.
தீவான்: உங்களுக்கு இப்ப நேரம் இருக்குதோ.

அறையில் இன்னும் ஆறு பேர். யாரோ சிரித்த முகம் போட்டார்கள். அதன் பிறகு அடித்தேன், எல்லோரும் பார்க்க: போன செவ்வாய்க்கிழமை இவருக்கு நான் சொன்னது உதவி அல்ல. பகிடி. அதால் இவர் தன் மனைவியைப் பற்றி எழுதிய இரண்டு பக்கமும் அழிந்தது. பிழை இவருடையது அல்ல, என்னுடையது.

சிரித்த முகங்கள் நின்றன. வ.போ. எதுவோ எழுதினார், நான் வாசிக்கவில்லை.

ஐயா வாசித்தார். மெதுவாகத்தான் வாசிப்பார். முடிந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா" என்றேன். கையைச் சற்று உயர்த்தினார், பொறு என்பதுபோல.

உறையை மடியில் வைத்தார். கடதாசியை எடுத்து விரித்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். இடக்கை இரண்டு விரல். நான் உதவப் போகவில்லை. பத்து நிமிடமாவது இருக்கும், வெளியே பஸ் ஹோர்ன் அடித்துவிட்டது, அவர் அவசரப்படவில்லை.

சோதி: அன்று நன்றி சொல்லாமல் போனதற்கு மன்னிக்கவும்.

அனுப்பினார். ஒரு எழுத்துப் பிழை இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார்.

எழும்பினார். கதிரையை மேசைக்குள் தள்ளினார். செருப்பைப் போட்டார். கடதாசியை எடுக்கவில்லை, இந்தக் கொப்பிக்குள் இப்போது அதுதான் கிடக்கிறது. நான் வாசல் வரை போனேன். படலை திறந்த சத்தம், மூடிய சத்தம். திரும்பி நிற்பார் என்று பார்த்தேன்.

போட்டு வாறன் என்று சொல்லவில்லை.